எல்லாருக்கும் எழுதாமல் மடற்குழுவை விட்டு விலகுவது எப்படி

மின்னஞ்சலில் ஓடுகிற மடற்குழு ஒன்றை நடத்துகிற எவரையும் கேட்டுப் பாருங்கள், ஒரே புலம்பலைத்தான் சொல்வார்கள். யாரோ ஒருவர் "தயவுசெய்து என் பெயரை நீக்குங்கள்" என்று குழு முழுக்கப் போகிற மாதிரி ஒரு மடல் போடுவார். அதைப் பார்த்து இன்னொருவர் "என் பெயரையும்" என்பார். மூன்றாமவர் "இப்படி எல்லாருக்கும் அனுப்பாதீர்கள்" என்று எல்லாருக்கும் அனுப்புவார். எங்கள் கல்லூரி முன்னாள் மாணவர்களின் குழுவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நூலகத்தில் வேலை என்பதால் கணினி சம்பந்தப்பட்டதெல்லாம் என் தலையில் விழும். பொங்கல் வாழ்த்துகள் குவிகிற ஜனவரியில் இந்தக் கூத்து தவறாமல் நடக்கும்.

முகவரியில்தான் கோளாறு. ஒரு மடற்குழுவுக்குப் பொதுவாக மூன்று முகவரிகள் உண்டு. குழுவின் பெயர் மட்டும் உள்ளது எல்லாருக்கும் போகும். பெயருக்குப் பின் ஒரு சிறுகோடு போட்டு 'ரிக்வெஸ்ட்' என்று சேர்த்தால் அது மென்பொருளுக்குப் போகும். மனிதர் யாரும் அதைப் படிப்பதில்லை. அதே இடத்தில் 'ஓனர்' என்று சேர்த்தால் என்னைப் போன்ற நிர்வாகிக்கு வரும். இந்த 'ரிக்வெஸ்ட்' இணையத்தில் வெகுநாள் வழக்கம். 1997இல் வந்த ஆர்எஃப்சி 2142 (இணைய நடைமுறைகளை எழுதிவைக்கும் ஆவணங்களில் ஒன்று) அதை எழுத்திலேயே வைத்துவிட்டது. சேருவது, விலகுவது, கொஞ்ச நாள் நிறுத்திவைப்பது எல்லாம் இந்த இரண்டாவது முகவரியில் முடிகிற வேலை.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். அனுப்பும்போது ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள். வணக்கம், அன்புள்ள, தங்கள் உண்மையுள்ள, எதுவும் வேண்டாம். மென்பொருள் ஒவ்வொரு வரியையும் கட்டளையாகவே படிக்கப் பார்க்கும், புரியாததைத் திருப்பி அனுப்பும்.

முதலில் உங்கள் குழு எந்த மென்பொருளில் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, குழுவிலிருந்து வந்த ஏதாவது ஒரு மடலுக்குள் போய், வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கைபேசிச் செயலியில் இந்த வசதி இல்லை. பக்கம் பக்கமாக என்னென்னவோ கொட்டும், பயப்பட வேண்டாம். அதில் 'லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். 1998இல் ஆர்எஃப்சி 2369 கொண்டுவந்த ஏற்பாடு இது. அந்த வரியில் 'மெயில்டூ' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு முகவரி இருக்கும். கீழே நான் சொல்லும் முகவரிகளில் எதன் சாயலில் அது இருக்கிறது என்று பார்த்தால் மென்பொருளை ஊகித்துவிடலாம். விலகுவதற்கு எங்கே எழுத வேண்டும் என்பதை ஒவ்வொரு மடலும் இப்படித் தன் தலையிலேயே சுமந்துகொண்டுதான் வருகிறது. யாரும் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

கல்லூரிகள், லினக்ஸ் குழுக்கள், ஆய்வு நிறுவனங்கள் நடத்துகிறவற்றில் மெயில்மேன் என்ற மென்பொருளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். எங்களுடையதும் அதுதான், பழைய இரண்டாம் பதிப்பு. விலக வேண்டுமா? ரிக்வெஸ்ட் முகவரிக்கு ஒரு மடல், தலைப்பில் 'அன்சப்ஸ்கிரைப்', உள்ளே ஒன்றும் வேண்டாம். அதைவிடச் சுலபம், குழுப்பெயர்-லீவ் என்ற முகவரிக்கு வெற்று மடல் அனுப்புவது. சேருவதற்கு 'சப்ஸ்கிரைப்', அல்லது குழுப்பெயர்-ஜாயின்.

இத்தோடு முடிந்தது என்று பலரும் போய்விடுகிறார்கள். முடியவில்லை. சற்று நேரத்தில் ஒரு மடல் வரும். அதன் தலைப்பில் 'கன்ஃபர்ம்' என்ற சொல்லும் அதை ஒட்டி எண்ணும் எழுத்தும் கலந்த நீளமான ஒரு சரமும் இருக்கும். தலைப்பைத் தொடாமல் 'ரிப்ளை' அழுத்தி அப்படியே அனுப்பிவிடுங்கள். நிர்வாகி மாற்றி வைக்காவிட்டால் அந்தச் சரம் மூன்று நாள்தான் செல்லும். இதை வேண்டாத சடங்கு என்று நினைக்காதீர்கள். இது இல்லாவிட்டால் உங்கள் பெயரில் யார் வேண்டுமானாலும் ஒரு மடலைப் போட்டு உங்களை வெளியே தள்ளிவிடலாம். வரவில்லை என்றால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

இனி, எனக்கு அதிகம் வருகிற தொலைபேசி. இயற்பியல் துறையில் இருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் கூப்பிட்டார். "ஏம்மா, நீ சொன்ன மாதிரியே அனுப்பிட்டேன். நான் உறுப்பினரே இல்லைன்னு சொல்லுது. ஆனா மெயில் மட்டும் வந்துக்கிட்டே இருக்கு!" "சார், உங்க முகவரியில நடுவுல புள்ளி இருக்கா?" "இருக்கு, ஆனா அது இல்லாம போட்டாலும் வருமே." அங்கேதான் சிக்கல். ஜிமெயில் புள்ளியைக் கண்டுகொள்ளாது. புள்ளி வைத்தும் வைக்காமலும் எழுதியவை ஒரே பெட்டியில் விழும். மெயில்மேனுக்கோ அவை இரண்டு வேறு ஆட்கள். சார் சேர்ந்தது புள்ளி இல்லாமல், விலக எழுதியது புள்ளியோடு. பழைய அலுவலக முகவரியிலிருந்து மடல்களை இங்கே திருப்பிவிட்டிருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

சேர்ந்த முகவரி எது என்று தெரிந்துகொள்ள மறுபடி அந்த 'ஷோ ஒரிஜினல்' பக்கத்துக்குப் போங்கள். 'ரிட்டர்ன்-பாத்' வரியில் சில குழுக்கள் உங்கள் முகவரியையே பொதிந்து அனுப்பும்: குழுப்பெயர்-பவுன்ஸஸ், ஒரு கூட்டல் குறி, உங்கள் பெயர், ஒரு சமக்குறி, உங்கள் களப்பெயர் (முகவரியில் @ குறிக்குப் பின் வருவது) என்று. அப்படி இல்லையென்றால் 'டெலிவர்ட்-டூ' வரிகளைப் பாருங்கள். கிடைத்ததும் ரிக்வெஸ்ட் முகவரிக்கு 'அன்சப்ஸ்கிரைப் அட்ரஸ்=' என்று எழுதி, சமக்குறிக்குப் பின் இடைவெளி விடாமல் அந்தப் பழைய முகவரியைச் சேர்த்து அனுப்புங்கள். உறுதி கேட்கும் மடல் அந்தப் பழைய முகவரிக்குப் போகும். திருப்பிவிட்டிருந்தால் உங்களிடமே வந்து சேரும்.

பலருக்கு விலகுவது தேவையே இல்லை. மகள் பிரசவத்துக்கு வெளிநாடு போகிறார்கள், இரண்டு மாதம் மடல் வேண்டாம், அவ்வளவுதான். அதற்கு ரிக்வெஸ்ட் முகவரிக்குப் போகும் மடலின் உள்ளே, தலைப்பில் அல்ல, மூன்று வரி எழுத வேண்டும். முதல் வரி 'செட் ஆதென்டிகேட்', பக்கத்தில் இந்தக் குழுவுக்கான உங்கள் கடவுச்சொல், ஜிமெயிலுடையது அல்ல. இரண்டாவது வரி 'செட் டெலிவரி ஆஃப்'. மூன்றாவது வரி 'எண்ட்'. திரும்பி வந்ததும் அதையே 'ஆன்' என்று மாற்றி அனுப்பினால் போதும். 'எண்ட்' போடுவதை விடாதீர்கள். மடலின் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும் உங்கள் பெயர், பதவி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் மென்பொருள் கட்டளையாகப் படிக்காமல் இருக்க அந்த ஒரு சொல்தான் அணை. எழுதும் பெட்டியில் 'பிளெயின் டெக்ஸ்ட்' முறையையும் தேர்ந்துகொண்டால் நல்லது.

கடவுச்சொல் மறந்துபோச்சா? 'பாஸ்வேர்ட்' என்ற ஒற்றைச் சொல்லை அனுப்பினால் அப்படியே எழுதி அனுப்பிவிடும். ஆமாம், ஒளிவுமறைவே இல்லாமல். பழைய மெயில்மேன் கடவுச்சொல்லைப் பூட்டி வைப்பதில்லை. பல குழுக்களில் மாதத்தின் முதல் தேதி நினைவூட்டலாகவே அனுப்பிவைக்கும். அதனால் வங்கிக்கு வைத்திருக்கிற கடவுச்சொல்லை இங்கே வைக்கவே வைக்காதீர்கள். 2015இல் வந்த மூன்றாம் பதிப்பில் இந்த 'செட்' கட்டளைகள் கிடையாது. சேருவதும் விலகுவதும் மடலில் நடக்கும், நிறுத்திவைக்க இணையதளத்துக்குப் போக வேண்டும்.

அப்புறம், "நான் அனுப்பியது எனக்கே வரவில்லை" என்று அடிக்கடி கேட்கிறார்கள். வந்திருக்கும். அனுப்பியதும் திரும்பி வந்ததும் ஒரே மடல் என்று ஜிமெயில் கண்டுபிடித்து இரண்டாவதைக் காட்டாமல் விட்டுவிடும். மடல் போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டுமானால் அதே மூன்று வரி முறையில் 'செட் ஆக் ஆன்' (நடுச்சொல் ஆங்கிலத்தில் ஏ, சி, கே) போட்டு வையுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு ரசீது வரும்.

மற்ற மென்பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுள் குழுமத்தில், மின்தமிழ் மாதிரி, குழுப்பெயருக்குப் பின் சிறுகோடு அல்ல, கூட்டல் குறி: குழுப்பெயர்+அன்சப்ஸ்கிரைப், மற்றதெல்லாம் அதே முகவரி. லினக்ஸ் கெர்னல் குழுக்கள் நெடுங்காலம் மேஜர்டோமோ என்ற மென்பொருளில் இருந்தன. இப்போது அவற்றுக்கும் இதே கூட்டல் குறிதான். அப்பாச்சி என்ற திறமூல மென்பொருள் அமைப்பின் குழுக்களில் சிறுகோடு, பின்னால் சப்ஸ்கிரைப் அல்லது அன்சப்ஸ்கிரைப். எரிக் தாமஸ் 1986இல் எழுதிய லிஸ்ட்செர்வ் என்ற மென்பொருள் இன்னமும் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஓடுகிறது. அது தலைப்பைப் பார்ப்பதே இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின் லிஸ்ட்செர்வ் முகவரிக்கு, மடலின் உள்ளே, 'சைன்ஆஃப்' என்று எழுதிப் பக்கத்தில் குழுப்பெயர். நிறுத்திவைக்க 'செட்', குழுப்பெயர், 'நோமெயில்'. எது எதற்கு என்று குழம்பினால் கட்டளை முகவரிக்கு 'ஹெல்ப்' என்று ஒரே சொல். கட்டளைப் பட்டியலை அனுப்பிவைக்கும்.

நீங்கள் சேரவே சேராத கடைக்காரர்களின் விளம்பர மடலுக்கு இதில் எதையும் செய்யாதீர்கள். பதில் போட்டால் இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று உறுதியாகிவிடும். ஸ்பேம் என்று குறித்துவிட்டு நகருங்கள். அதற்காக, சேர்ந்த குழுவின் மடல்களையும் சலிப்பில் ஸ்பேம் என்று அழுத்தாதீர்கள். பலர் அப்படி அழுத்தினால் மற்ற உறுப்பினர்களுக்குப் போகிற மடல்களும் ஸ்பேம் பெட்டியில் விழத் தொடங்கும்.

எல்லாம் செய்தும் விடிவில்லை என்றால் ஓனர் முகவரிக்கு எழுதுங்கள். அங்கே வணக்கம் தாராளமாகச் சொல்லலாம், ஆள்தான் படிக்கிறார். "என்னை நீக்குங்கள்" என்று மட்டும் எழுதினால் ஆயிரம் பெயருக்கு நடுவில் உங்களை எங்கே தேடுவது? குழுவிலிருந்து வந்த ஒரு மடலின் 'ஷோ ஒரிஜினல்' பக்கத்தை மொத்தமாக நகலெடுத்து ஒட்டி அனுப்புங்கள். நீங்கள் எந்த முகவரியில் சேர்ந்தீர்கள் என்பதை அதிலிருந்து அவர் பார்த்துக்கொள்வார்.