‘உங்க ஆளுங்க என்ன நினைக்கிறாங்க?’ என்று கேட்டால் என்ன சொல்வது

கல்லூரியிலோ வேலையிலோ நீங்கள் ஒருவர்தான் இருளர் பழங்குடி என்றால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். பழங்குடியினர் பற்றிப் படம் வந்தால் கேட்பார்கள், ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடிகள் தினத்துக்கு மேடையேறச் சொல்வார்கள், வகுப்பில் இட ஒதுக்கீடு பற்றிப் பேச்சு எழுந்தால் எல்லாத் தலையும் உங்கள் பக்கம்தான் திரும்பும். பலர் நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் ஒரு சமூகத்தையே ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

முதலில் ஊரைச் சொல்லிப் பேசப் பழகுங்கள். “இருளர்கள் இப்படித்தான்” என்று தொடங்காமல் “செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊரில்” என்று தொடங்குங்கள். நீலகிரி இருளர் ரங்கசாமி மலையைக் கும்பிடுகிறார்கள், இங்கே நாம் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மாவைக் கும்பிடுகிறோம், பேச்சும் வேறு. நமக்குள்ளேயே இவ்வளவு இருக்கும்போது தோடர், பணியர் போன்ற மற்றப் பழங்குடிகளுக்கும் சேர்த்து நீங்கள் எப்படிப் பதில் சொல்வீர்கள்?

அப்புறம் பாம்பு. “பாம்பு பிடிப்பீங்களா?” என்று கேட்காதவர் குறைவு. பிடிக்கத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. கேட்பவருக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் விவரம் சொல்லலாம்: 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு நம் ஆட்களுக்குப் பிழைப்பாக இருந்த பாம்புத் தோல் வியாபாரம் நின்றது, 1978இல் பாம்பு பிடிக்கும் நம் ஆட்களின் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது, மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகளில் வைத்து, விஷம் எடுத்தபின் மறுபடி வெளியே விட்டுவிடுகிறார்கள், விஷமுறிவு மருந்து அதிலிருந்துதான் தயாராகிறது. பாம்பு பிடிக்கும் நம் ஆட்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்ததையும் பெருமையாகச் சொல்லுங்கள். இதெல்லாம் ஊரறிந்த செய்தி, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

மூலிகை, சாமிப் பாட்டு அப்படியில்லை. ஆராய்ச்சி என்று வந்தாலும் சரி, “பெரியவங்க கிட்டதான் கேட்கணும்” என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிகக் கவனமாக இருக்க வேண்டியது கையெழுத்தில். “உங்க மக்கள் சார்பா” என்று தாள் நீட்டினால் போடாதீர்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி காட்டு உரிமையில் பேச வேண்டியது கிராம சபை, அதிலும் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். படித்த பிள்ளை ஒருவரின் கையெழுத்து ஊர்ச் சம்மதம் ஆகாது.

இதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. கோட்டாட்சியர் அலுவலகத்தில் சாதிச் சான்றிதழுக்கு அலைந்து நம் பிள்ளைகளின் படிப்பு நிற்கிறதே, அதைக் கிடைத்த இடத்திலெல்லாம் சத்தமாகப் பேசுங்கள், முடிந்தால் அலைந்த அம்மாவையே கூட்டிப்போய்ப் பேச வையுங்கள். கூட்டத்துக்கோ குழுவுக்கோ அழைத்தால், வேறு ஊர்களிலிருந்து இன்னும் இரண்டு பேரையாவது கூப்பிடச் சொல்லுங்கள், அவர்களுக்குப் பஸ் கட்டணமும் அன்றைய கூலியும் தருவார்களா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.