குளிர்கால ஓவியத்தைப் பார்க்கப் பழகுவது எப்படி?

ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ் 1811இல் தீட்டிய ‘குளிர்கால நிலக்காட்சி’ லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ரொமாண்டிக் கால (உணர்வையும் இயற்கையையும் முன்னிறுத்திய, 18–19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைப் போக்கு) ஓவியங்களில் தனிமையும் பக்தியும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று பழக, இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. படத்தை இணையத்தில் பெரிதாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: விளக்கக் குறிப்பைப் படிக்காமல் படத்தை மட்டும் பாருங்கள். வெண்பனி, மங்கிய வானம், ஊசியிலை மரங்கள். ஆளே இல்லாத இடம் என்றுதான் முதலில் தோன்றும்.

படி 2: இப்போது பனித்தரையில் தேடுங்கள். ஊன்றுகோல்கள் கிடக்கும். அவற்றுக்கு உரியவர் பாறையில் சாய்ந்து, மரங்களுக்கு நடுவே நிற்கும் சிலுவையை நோக்கிக் கைகூப்பியிருக்கிறார். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நடக்க முடியாத ஒருவர் இத்தனை பனியைத் தாண்டி வந்திருக்கிறார்; வந்ததும் ஊன்றுகோலை விட்டுவிட்டார். குணமாகிவிட்டதா? இனி எங்கும் போகப்போவதில்லையா? எனக்கு இரண்டுமே சரியாகப் படுகின்றன. பனியைத் துளைத்து எட்டிப் பார்க்கும் புல்நுனிகளையும் கவனியுங்கள்.

படி 3: மூடுபனிக்குப் பின்னால் கோதிக் பாணியில் (கூர்கோபுரங்கள் கொண்ட இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி) தேவாலயம் ஒன்று தெரியும். அதன் கோபுரங்களும் மரங்களும் ஒரே வடிவில் கூம்பி நிற்கும். காட்டையும் கோயிலையும் ஃப்ரீட்ரிஷ் பிரித்துப் பார்க்கவில்லை. ஸ்மால்ட் என்ற நீலக் கண்ணாடித் தூள் நிறமியை மெல்லிய புள்ளிகளாக வைத்துத்தான் அந்த மூட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறார்.

படி 4: ஜெர்மனியின் ஷ்வெரின் அருங்காட்சியகத்தில் உள்ள இதன் இணை ஓவியத்தைப் பக்கத்தில் திறங்கள். அதுவும் 1811தான். வெட்டுண்ட அடிமரங்கள், பட்டுப்போன ஓக் மரங்கள், நடுவே ஊன்றுகோலோடு ஒருவர். சிலுவையும் இல்லை, தேவாலயமும் இல்லை. அங்கே தனிமை என்றால் கைவிடப்படுவது. லண்டன் படத்தில் அதே தனிமை வழிபாட்டுக்கு இடம் தருகிறது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், இந்தப் படிக்கு நேரம் கொடுத்தால் வீண்போகாது.

படி 5: ஓவியரின் வாழ்க்கைக் கதைக்குக் கடைசியில் வாருங்கள். 1787இல், ஃப்ரீட்ரிஷ் சிறுவனாக இருந்தபோது, தம்பி பனிக்கட்டி உடைந்து நீரில் மூழ்கி இறந்தான். இதை முதலிலேயே படித்துவிட்டால், அவர் தீட்டிய எல்லாப் பனியிலும் அந்தச் சாவு மட்டுமே கண்ணில் படும்.

அடுத்த பயிற்சிக்கு, பெர்லினில் உள்ள ஃப்ரீட்ரிஷின் ‘ஓக் காட்டில் மடாலயம்’ (1809–10). அதில் துறவிகள் கூட்டமாக ஒரு சவப்பெட்டியைச் சுமந்து போகிறார்கள். இத்தனை பேர் இருந்தும் அந்தப் படம் ஏன் இன்னும் தனிமையாக இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.