காயத்துக்குப் பிறகு மீண்டும் நெடுந்தூர ஓட்டம்: கிணற்றடி வரைக்குமான பத்து அடியில் தொடங்குங்கள்

காலில் காயம்பட்டு எட்டு மாதம், ஒரு வருடம் என்று ஓட்டத்தை விட்டிருந்து, இப்போது திரும்ப ஓடலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் 14 மாதம் ஓடவில்லை. எனக்குப் பழுதானது இடது குதிநாண். கெண்டைக்காலையும் குதியெலும்பையும் இணைக்கும் அந்தத் தடித்த நாண் வீங்கி, தொட்டாலே நோகும் நிலைக்கு வந்துவிட்டது.

அந்த 14 மாதத்தில் ஒன்பது மாதம் என் அவசரத்தால் வந்தது. ஐந்தாவது மாதம் நோ இல்லை என்று ஓடத் தொடங்கினேன். மூன்றாவது கிழமை மூச்சு வாங்கவே இல்லை. அந்தச் சந்தோசத்தில் ஒரு நாள் விடிய மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் புறப்பட்டு, காத்தான்குடி வீதி நடுவில் நிற்கும் பேரீச்சை மரங்கள் வரை ஓடி, ஓடியே திரும்பினேன். ஓடும்போது ஒரு நோவும் இல்லை. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கி நிற்க முடியவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. ஓட்டம் தொடங்கிய இரண்டு மூன்று கிழமையிலேயே இரத்தத்தின் அளவு கூடும், இதயமும் பழகிவிடும். நாணும் எலும்பும் அப்படி இல்லை. நாணுக்கு இரத்தோட்டம் குறைவு, இரண்டுமே புதுப்பிக்கப்படுவது மெது, உறுதி திரும்ப மாதக்கணக்கில் ஆகும். ஓடும்போது குதிநாணில் விழும் இழுவை உடல் எடையின் 6 மடங்கைத் தாண்டும். மெதுவாக ஓடினால் ஒரு கிலோமீற்றருக்கு 1200 காலடி அளவில் வரும், அதில் பாதி அந்தக் காலுக்கு. மூச்சு இலகுவாக இருக்கிறதே என்று தூரத்தைக் கூட்டினால், அந்தச் சுமை முழுவதையும் இன்னும் ஆறாத நாண்தான் தாங்கவேண்டும்.

ஆகவே ஓடும்போது எப்படி இருந்தது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மறுநாள் விடிய எழும்பி, கிணற்றடிக்கோ குசினிக்கோ போகும் முதல் பத்து அடியைக் கவனியுங்கள். கீழே வரும் எல்லாப் படிக்கும் அளவுகோல் அதுதான்.

முதலில், ஓடக்கூடாதவர்கள் யார்

எலும்பில் ஒரு விரல்நுனி இடத்தை அழுத்தினால் சுரீர் என்று நோகிறது, இரவில் படுத்திருக்கும்போதும் நோகிறது, நடக்கையில் நொண்டுகிறது என்றால் வைத்தியரிடம் போங்கள். எலும்பில் மயிரிழை வெடிப்பு இருக்கலாம். முதல் இரண்டு மூன்று கிழமையில் அது எக்ஸ்றேயில் தெரியாமலும் போகும். அதனால் படம் சுத்தம் என்று சொன்ன பிறகும் நோ மாறாவிட்டால் திரும்பவும் காட்டவேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். நம் பக்கத்தில் சுளுக்கு என்றதும் எண்ணெய் போட்டு உருவிவிடுவார்கள். அவர்களின் கையை நான் மதிக்கிறேன். ஆனால் என்ன காயம் என்று தெரியாமல் வீங்கிய நாணை அழுத்தி உருவ விடாதீர்கள்.

படி 1: நடை

ஒரே மூச்சில் 30 நிமிடம் வேகமாக நடக்க முடியவேண்டும். கிழமைக்கு நான்கு நாள் நடவுங்கள். அந்தக் கிழமை முழுவதும் விடிய எழும்பும்போது விறைப்பு முன்னையதைவிடக் கூடவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகலாம். கூடியிருந்தால் இன்னொரு கிழமை நடை. எனக்கு மூன்று கிழமை எடுத்தது.

படி 2: வாசற்படியில் கெண்டைக்கால் பயிற்சி

பலரும் தாண்டிப் போய்விடுவது இந்தப் படியைத்தான். தயவுசெய்து தாண்டாதீர்கள். என் காலைக் காப்பாற்றியது இதுதான்.

வாசற்படியின் விளிம்பில் முன்பாதங்களை ஊன்றி, குதிகள் வெளியே நிற்கும்படி நில்லுங்கள். கதவு நிலையைப் பிடித்துக்கொள்ளலாம். நல்ல காலின் பலத்தால் நுனிக்காலில் எழும்புங்கள். பிறகு பாரத்தைக் காயப்பட்ட காலுக்கு மாற்றி, குதி படிக்குக் கீழே போகும்வரை மிக மெதுவாக இறங்குங்கள். முழங்கால் நேராக வைத்து 15 தடவை, மூன்று சுற்று. முழங்காலைச் சற்று மடித்து இன்னொரு மூன்று சுற்று. காலையும் பின்னேரமும். சுவீடன் நாட்டு வைத்தியர் ஹோகன் அல்ஃபிரெட்சன் 1998இல் வெளியிட்ட முறை இது. குதிநாண் காயத்தால் ஓட்டத்தை நிறுத்தியிருந்த 15 பேர் 12 கிழமை இதைச் செய்து பழையபடி ஓடத் தொடங்கினார்கள். இலகுவாகிவிட்டால் புத்தகப் பையில் அரிசிப் பொதி ஒன்றை வைத்து முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. நோ, நாணின் நடுவில் இல்லாமல் குதியெலும்போடு சேரும் இடத்தில் இருந்தால் படிக்குக் கீழே இறங்கவேண்டாம், சமதரையில் செய்யுங்கள். காயம் முழங்காலிலோ இடுப்பிலோ என்றால் அதற்குரிய பயிற்சியை இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) கேளுங்கள். மற்றப் படிகள் எல்லாருக்கும் பொது.

ஒற்றைக் காலில் இருபது தடவைக்கு மேல் தடுமாறாமல் நுனிக்காலில் எழும்பி இறங்க முடிந்தால் ஓடத் தொடங்கலாம்.

படி 3: சப்பாத்து

அலுமாரிக்குள் ஒரு வருடம் கிடந்த சப்பாத்தை நம்பாதீர்கள். நம் கடலோர ஈரக்காற்றில் பசை விட்டு அடி கழன்றுவிடும், நுரை இறுகிவிடும். வளைத்துப் பாருங்கள், பெருவிரலால் அடியை அழுத்திப் பாருங்கள். புதிதாக வாங்கினால் குதிப்பக்கம் கொஞ்சம் உயர்ந்ததாக வாங்குங்கள், நாணுக்கு இழுவை குறையும். வெறுங்கால் ஓட்டத்தை இப்போது தொடங்கவேண்டாம்.

படி 4: இடமும் நேரமும்

கடற்கரையில் ஓட ஆசை வரும். எனக்கும் வந்தது. முதல் இரண்டு மாதம் அங்கே போகாதீர்கள். பூழி மணலில் குதி புதைந்து கெண்டைக்கால் கூடுதலாக உழைக்கும். அலை நனைத்த இறுகிய மணலோ கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு கால் மேட்டிலும் மற்றக் கால் பள்ளத்திலும் ஓடுகிற நிலைதான் அது.

சமதரை வேண்டும். நான் தொடங்கியது 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்தில். பெரிய வாகனங்கள் பக்கத்துப் புதிய பாலத்தில் போய்விடுவதால் நிம்மதியாக ஓடலாம். நடக்கும் நிமிடங்களில் வாவியில் வலை வீசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு போவேன், அந்த நிமிடங்கள் நீளமாகத் தெரியாது. உங்களுக்கு வெபர் மைதானம் கிட்ட என்றால் அது இன்னும் நல்லது. ஆனால் ஒரே திசையில் சுற்றாமல் பாதியில் திசை மாற்றுங்கள்.

சூரியன் எழுமுன் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடியுங்கள். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் ஏழு மணிக்கே தோல் காய்ந்துவிடும், வியர்ப்பதே தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். மாரியில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளில் ஓடவேண்டாம், குழி தெரியாமல் கால் மடங்கினால் எல்லாம் திரும்ப முதலில் இருந்து.

நாய் துரத்தினால் ஓடாதீர்கள். ஆறிவரும் நாணுக்குத் திடீர்ப் பாய்ச்சலைப் போல ஆபத்து வேறில்லை. நின்று, அதன் கண்ணை உற்றுப் பார்க்காமல், மெதுவாக நடந்து விலகுங்கள்.

படி 5: ஓட்டமும் நடையும்

ஒன்றுவிட்ட ஒரு நாள், கிழமைக்கு மூன்று தடவை. முன்னும் பின்னும் ஐந்து நிமிட நடை.

கட்டம் 1: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 10 தடவை
கட்டம் 2: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 7 தடவை
கட்டம் 3: 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 தடவை
கட்டம் 4: 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 6 தடவை
கட்டம் 5: 9 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 3 தடவை
கட்டம் 6: 30 நிமிடம் தொடர் ஓட்டம்

ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது ஒரு கிழமை நில்லுங்கள். வேகம், பக்கத்தில் ஒருவர் ஓடினால் அவரோடு ஊர்க்கதை பேசக்கூடிய வேகம். அடியை நீட்டி வைக்காமல் கிட்டக் கிட்ட வையுங்கள், முழங்காலுக்கும் சுமை குறையும்.

ஓடும்போது நோவுக்குப் பத்தில் எத்தனை என்று மனதுக்குள் எண் கொடுங்கள். மூன்று வரை தொடரலாம், அதற்கு மேல் என்றால் நடந்து வீட்டுக்குப் போங்கள். மறுநாள் முதல் பத்து அடியில் விறைப்பு வழமையைவிடக் கூடியிருந்தால், நோ அடங்கும்வரை ஓய்வெடுத்து, ஓடிய கட்டத்துக்கு முந்திய கட்டத்தில் திரும்பத் தொடங்குங்கள். நோ குளிசை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது, நாளைய அறிவிப்பை நீங்களே மறைத்துவிடுகிறீர்கள்.

நான் இரண்டாம் கட்டத்தில் இருந்தபோது பாலத்தடியில் ஒரு வயதான அம்மா மறித்துக் கேட்டார். “என்ன மனே, ஓடுறாய், நடக்கிறாய், கால் இன்னும் சுகமாகல்லியா?” வெட்கமாக இருந்தது. முன்பு நான் ஓடுவதைப் பார்த்தவர் அவர். “இப்படித்தான் மாமி சுகமாக்கணுமாம்” என்றேன். அந்த வெட்கத்துக்காக நடக்கும் நிமிடங்களை வெட்டிவிடாதீர்கள். ஆறு கட்டமும் எனக்கு 11 கிழமை எடுத்தது. நான்காவதில் இரண்டு முறை பின்னுக்குப் போனேன்.

படி 6: தூரம்

30 நிமிடம் நிற்காமல் ஓட முடிந்த பிறகுதான் தூரத்தைக் கூட்டவேண்டும். ஒரு கிழமையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தூரம் கூடினால் வேகம் பழையபடி இருக்கட்டும். கிழமைக்கு ஒரு ஓட்டத்தை மட்டும் ஐந்து நிமிடம் நீட்டுங்கள், மூன்று கிழமை நீட்டியபின் நான்காவது கிழமை குறையுங்கள். வாசற்படிப் பயிற்சியைக் கிழமைக்கு மூன்று நாளாவது தொடருங்கள். வேக ஓட்டமும் கடற்கரையும் இதற்கெல்லாம் பிறகு.

போன மாதம் திரும்பவும் அந்தப் பேரீச்சை மரங்கள் வரை ஓடினேன். திரும்பும்போது பாதி தூரம் நடந்தேன், அப்படித்தான் திட்டமிட்டிருந்தேன். மறுநாள் கிணற்றடிக்குப் போகையில் முதல் நான்கு அடியில் இறுக்கம் இருந்தது, ஏழாவது அடியில் இல்லை. வழமையாக இரண்டாவது அடியிலேயே விட்டுவிடும். அந்தக் கிழமை தூரத்தைக் கூட்டவில்லை.