மூத்த தம்பதியரின் மோர்மன் மிஷன்: விண்ணப்பப் பாரம் நிரப்புவது முதல் அழைப்பு வருவது வரை

யூட்டாவில், அதுவும் லீஹை, அமெரிக்கன் ஃபோர்க் பக்கம் வீடு பிடித்துக் குடியேறியிருக்கிறீர்களா? அப்படியானால் இந்த வேலை என்றைக்காவது உங்களைத் தேடி வரும். ஐ.டி.யில் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர் என்றால் பெரியவர்களுக்குக் கணினி ஆசான்தானே. "மிஷனுக்கு அப்ளை பண்றோம், இந்த பாரத்தைக் கொஞ்சம் பார்க்க முடியுமா?" என்று கேட்பார்கள். மிஷன் என்றால் தங்கள் சபையின் சார்பில் சில மாதங்கள் போய்ச் செய்யும் ஊழியம். எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பதிக்கு நான் கூட இருந்து முடித்துக் கொடுத்தேன். அவர்கள் கிளம்பியும் போய்விட்டார்கள். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் இல்லை. அதனால் சமய விளக்கத்தை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். பாரம் எப்படி நகர்கிறது, எங்கே நிற்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு. சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மோர்மன் என்ற செல்லப்பெயர் வேண்டாம் என்று 2018-ல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் கேட்டுக்கொண்டார். தேடி வருகிற வாசகர்களுக்காகத் தலைப்பில் அதை வைத்திருக்கிறேன். பெரியவர்களிடம் பேசும்போது முழுப்பெயரைச் சொன்னால் முகம் மலர்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இருவர் இருவராகச் சுற்றுகிற இந்தச் சபையின் இளம் மிஷனரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு இடம் கேட்கும் உரிமை கிடையாது. பாரம் சால்ட் லேக் சிட்டிக்குப் போகும், அங்கே பன்னிரு அப்போஸ்தலர்களில் ஒருவர் இடத்தை முடிவு செய்வார். இதைச் சபைத் தலைவர்களில் ஒருவரான ரொனால்ட் ராஸ்பண்ட் சபையின் 2010 ஏப்ரல் மாநாட்டில் விவரித்திருக்கிறார். அப்போஸ்தலர் ஹென்றி ஐரிங் திரையில் ஒவ்வொருவர் படமாகப் பார்த்து, ஜெபித்து, உலகத்தின் எந்த மிஷனுக்கு, அதாவது எந்த ஊழியப் பகுதிக்கு என்று ஒதுக்கியதை ராஸ்பண்ட் பக்கத்தில் இருந்து பார்த்தார். காங்கோவோ, பிரேசிலோ, வந்த இடத்துக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

மூத்த தம்பதியர் கதை வேறு. எந்த மாதிரி வேலை, எந்த நாடு, எத்தனை மாதம், எப்போது கிளம்ப முடியும் என்று அவர்கள் விருப்பம் சொல்லலாம். ஆனால் அது விருப்பம் மட்டுமே. இடத்தை ஒதுக்குவது தலைமையகம், அழைப்பு வருவது சபைத் தலைவர் பெயரில். இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளாதவர்கள் பாரத்தை விமான டிக்கெட் போல நிரப்பிவிட்டு, வேறு ஊர் வந்ததும் மனம் வாடுகிறார்கள்.

பழைய காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 19-ஆம் நூற்றாண்டில் மாநாட்டு மேடையில் பெயரை வாசிப்பார்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் குடும்பஸ்தருக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். மனைவி நிலத்தையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அடிசன் ப்ராட் 1843-ல் பசிபிக் தீவுகளுக்கு அனுப்பப்பட்டார். அவர் மனைவி லூயிசா நான்கு பெண்களோடு தனியாகச் சமாளித்து, 1848-ல் சமவெளியைக் கடந்து சால்ட் லேக் பள்ளத்தாக்கு வந்து சேர்ந்தார். 1850-ல் அவரும் பிள்ளைகளோடு தென்கடல் தீவுக்குக் கிளம்பினார். இன்றைக்கு மாத வாடகைக் கணக்குப் போட்டு இடம் தேடுகிற பாட்டிமார் லூயிசாவை நினைத்தால் பெருமூச்சுதான் விடுவார்கள்.

தகுதி

இதை அவர்களே அறிவார்கள், நீளமாகச் சொல்ல வேண்டாம். 40 வயதைக் கடந்திருக்க வேண்டும், தங்களை நம்பி வீட்டில் பிள்ளைகள் இருக்கக் கூடாது, கோயில் அனுமதிச் சீட்டு கையில் இருக்க வேண்டும், சொந்தச் செலவில் போகும் வசதி வேண்டும், உடம்பு ஒத்துழைக்க வேண்டும். பேச்சைத் தொடங்க வேண்டிய ஆள் அவர்களுடைய பிஷப். ஆலயத்திலேயே தங்கியிருக்கும் பாதிரியாரைக் கற்பனை செய்யாதீர்கள். சம்பளமே இல்லாத பொறுப்பு அது. பகலில் கணக்காளராகவோ பல் மருத்துவராகவோ வேலை பார்த்துவிட்டு மாலையில் சபை வேலை பார்ப்பார். அவர் இணையத்தில் பாரத்தைத் திறந்துவிட்டால்தான் மற்றது நகரும்.

கணக்கு

கணவன் மனைவி இருவருக்கும் தனித்தனிச் சபைக் கணக்கு வேண்டும். தாத்தாவின் பயனர் பெயரிலேயே பாட்டியின் விவரத்தையும் நிரப்ப முடியாது. கடவுச்சொல்லைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்கிறவர்களிடம் கடவுச்சொல் செயலியைத் திணிக்காதீர்கள். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும், அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள். போன் வேண்டாம், மடிக்கணினிதான். போன் திரையில் பாதிக் கேள்விகள் கண்ணில் படாமலே போகின்றன.

பணம் முதலில், ஆசை அப்புறம்

பெரும்பாலானவர்கள் சபை தரும் ஊழிய வாய்ப்புகள் பட்டியலைத்தான் முதலில் திறக்கிறார்கள். திறந்ததும் இத்தாலி, நியூசிலாந்து என்று மனம் ஓடும். ஒரு கூகுள் ஷீட் போட்டு மாத ஓய்வூதியம், வீட்டுச் செலவு, காப்பீடு எல்லாம் எழுதிய பிறகே பட்டியலைக் காட்டுங்கள். எக்செலும் பரவாயில்லை, ஆனால் பெங்களூரிலோ போய்ஸியிலோ இருக்கும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்க கூகுள் ஷீட்தான் சௌகரியம்.

தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விதிகள் 2011 செப்டம்பரிலிருந்து வந்தவை. ஒன்று, வாடகை உள்ளிட்ட குடியிருப்புச் செலவில் தம்பதி தரவேண்டியதற்கு மாதம் 1,400 டாலர் என்று உச்சவரம்பு வைத்தார்கள். மிஞ்சியதைச் சபை ஏற்கும். அதற்கு முன் வாடகை அதிகமான நகரங்களுக்குப் பெரியவர்கள் போகவே தயங்கினார்கள். இரண்டு, வெளிநாட்டுக்கும் 6, 12 மாதம் என்று குறுகிய காலம் போகலாம். 18, 23 மாதம் மட்டும்தான் என்ற நிலை மாறியது. ஆனால் 18 மாதத்துக்குக் குறைவாக வெளிநாடு போனால் போக்குவரத்துச் செலவு உங்களுடையது. பட்டியலில் ஒவ்வொரு வாய்ப்பின் பக்கத்திலும் இப்போதைய மாதச் செலவு மதிப்பீடு இருக்கும், அதைத்தான் ஷீட்டில் போட வேண்டும்.

மருத்துவப் பாரம்: எல்லோரும் நிற்கிற இடம்

எங்கள் வழக்கிலும் வண்டி இங்கேதான் நின்றது. ஆளுக்கொரு மருத்துவப் பரிசோதனை, ஆளுக்கொரு பல் பரிசோதனை. மருத்துவர் நிரப்ப வேண்டிய பகுதி, விண்ணப்பதாரர் நிரப்ப வேண்டிய பகுதி என்று இரண்டு. பாட்டி தன் பகுதியில் "மாத்திரை: ரத்த அழுத்தம்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். மருத்துவமனையிலோ அவர் மூன்று வகை சாப்பிடுவதாகப் பதிவு. இரண்டும் பொருந்தாததால் பாரம் திரும்பி வந்தது. அந்த மருத்துவமனை ஆட்கள் தங்கள் பங்குக்கு ஒரு பக்கத்தையே வெறுமையாக விட்டிருந்தார்கள்.

இப்போது யாருக்குச் செய்தாலும் நான் சொல்லும் முறை இது. மருந்துப் பெட்டியை மேசையில் கொட்டுங்கள். ஒவ்வொரு புட்டியிலும் இருக்கும் பெயர், அளவு, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பதை அப்படியே எழுதுங்கள். மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளையும் மருத்துவப் பாரத்தின் அச்சுப் பிரதியையும் கொண்டுபோங்கள். வெளியே வருமுன் வரவேற்பறையிலேயே நின்று ஒவ்வொரு கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் முறைக்கட்டும், பரவாயில்லை.

எதையும் மறைக்க வேண்டாம். மறைத்தால் நல்ல நாடு கிடைக்கும் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. இந்தப் பரிசோதனை தகுதி நீக்கத்துக்காக மட்டும் இல்லை. இதய மருத்துவர் பக்கத்தில் தேவைப்படுகிறவரைத் தலைநகரத்துக்கோ, அமெரிக்காவிலேயே பெரிய மருத்துவமனை உள்ள ஊருக்கோ அனுப்ப இதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். மறைத்தவர் மாத்திரை கிடைக்காத தீவில் போய் உட்கார்ந்திருப்பார்.

கூடவே காப்பீடு. அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர், சில அபூர்வ விதிவிலக்குகள் தவிர, நாட்டுக்கு வெளியே செல்லாது. 65 தாண்டிய தம்பதியர் பலருக்கு இது பாரம் நிரப்பும்போதுதான் உறைக்கிறது. வெளிநாடு போகிற மூத்த மிஷனரிகளுக்கென்று சபையின் சார்பில் டெசரெட் மியூச்சுவல் நிறுவனம் நடத்தும் மருத்துவத் திட்டம் உண்டு, அதன் மாதத் தவணையையும் ஷீட்டில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

விருப்பம் எழுதுவது

வேலைகளின் வகையைப் பார்த்து நானே அசந்துபோனேன். மிஷன் அலுவலகத்தில் கணக்கு, கார், விசா, இளைஞர்களுக்கு வாடகை வீடு பிடிப்பது. மனிதநேய உதவித் திட்டங்கள். பழைய ஆவணங்களைப் படமெடுத்துக் குடும்ப வரலாற்றுக்குப் பாதுகாப்பது. வரலாற்று இடங்களில் வழிகாட்டி. இணையவழிப் படிப்பான பி.ஒய்.யூ. பாத்வேயில் மாணவர்களுக்குத் துணை. மிஷனரிகளுக்கு மருத்துவ ஆலோசகர், மனநல ஆலோசகர், கட்டடப் பராமரிப்பு, சட்டம், தணிக்கை. வீடு வீடாகக் கதவு தட்ட வேண்டிய கட்டாயம் இவர்களுக்கு இல்லை. தயங்குகிற பெரியவர்களில் பலருக்கு இந்த ஒரு விவரமே போதும்.

என் கருத்து: நாட்டை வைத்துத் தேடாதீர்கள், வேலையை வைத்துத் தேடுங்கள். வாழ்நாளெல்லாம் பேரேடு பார்த்தவருக்கு அலுவலகக் கணக்கு எந்த ஊரிலும் பிடிக்கும். கடற்கரைக்காகப் போனவருக்கு மூன்றாம் மாதமே கடற்கரை அலுத்துவிடும். மொழி தெரிந்திருந்தால் கட்டாயம் குறிப்பிடுங்கள். ஐம்பது ஆண்டுக்கு முன் இளைஞராக மிஷன் போனபோது கற்ற ஸ்பானிஷை, "இப்போ மறந்துபோச்சு" என்று பலர் எழுதாமல் விடுகிறார்கள். பாதி நினைவிருந்தாலும் எழுதலாம். கிளம்பக்கூடிய தேதியைத் தள்ளியே போடுங்கள். வீட்டை வாடகைக்கு விடுவது, கார் விற்பது எல்லாம் நினைத்ததைவிட இழுக்கும். யூட்டா குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் தண்ணீர்க் குழாயின் பிரதான வால்வை அடைத்துவிட்டுப் போகட்டும், குழாய் உறைந்து வெடித்தால் பார்க்க ஆள் இருக்காது.

மகனோ நண்பரோ மிஷன் தலைவராக, அதாவது ஓர் ஊழியப் பகுதிக்குப் பொறுப்பாளராக இருக்கும் இடத்துக்கே போகலாமா? அங்கே ஆள் தேவை என்று அவர் தலைமையகத்துக்குச் சொல்லலாம். அந்த இடமே கிடைக்கும் என்று பொருள் இல்லை.

அனுப்பிய பிறகு

பிஷப் நேர்காணல், பிறகு வார்டு எனப்படும் உள்ளூர்ச் சபைகள் பலவற்றுக்குப் பொறுப்பான ஸ்டேக் தலைவரின் நேர்காணல், அப்புறம் சால்ட் லேக். இங்கே உங்களுக்கு வேலை இல்லை. முன்பெல்லாம் பெரிய வெள்ளை உறை தபாலில் வரும். 2018 முதல் மின்னஞ்சலில் அறிவிப்பு வந்து, இணையத்தில் நுழைந்து கடிதத்தைத் திறக்கிறார்கள். பேரன் பேத்திகளை வீடியோ அழைப்பில் கூட்டிவைத்துத் திறப்பது வழக்கம். அந்தக் கணத்தில் கடவுச்சொல் மறந்துவிடும், அதனால் முந்தின நாளே ஒருமுறை நுழைந்து பார்த்துவிடச் சொல்லுங்கள். கடிதத்தில் மிஷனின் பெயர், காலம், பயிற்சி தொடங்கும் தேதி எல்லாம் இருக்கும். ஏற்கிறோம் என்று பதில் அனுப்ப வேண்டும். கிளம்பும் முன் ஸ்டேக் தலைவர் தலையில் கைவைத்து ஊழியத்துக்குப் பிரித்து அனுப்புவார். பயிற்சி யூட்டாவின் ப்ரோவோ நகரில், இளைஞர்களைப் போல வாரக்கணக்கில் இல்லை, சில நாள்தான்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தவை

விசா பற்றி ஒரு வாசகி எழுதியிருந்தார். சில நாடுகள் எஃப்.பி.ஐ. குற்றப் பின்னணிச் சான்றும் அதை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரையும் கேட்கும். வயதானவர்களின் விரல் ரேகை தேய்ந்திருக்கும், முதல் பதிவு தெளிவில்லை என்று திரும்பி வருவது சகஜம். கையில் ஈரப்பசை களிம்பு தடவி, கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்துவிட்டுப் பதிவு செய்தால் பலன் இருந்ததாம். அழைப்பு வந்த வாரமே தொடங்கிவிடுங்கள். பாஸ்போர்ட் காலாவதித் தேதியையும் அன்றைக்கே பாருங்கள்.

மெடிகேரில் மருத்துவர் கட்டணத்துக்கான பகுதி பி-யை நிறுத்தலாமா என்று பலர் கேட்கிறீர்கள். சும்மா நிறுத்தினால் பிறகு சேரும்போது ஒவ்வொரு 12 மாத இடைவெளிக்கும் 10 சதவீதம் அபராதம் ஏறும். வரிவிலக்குள்ள அமைப்பின் சார்பில் குறைந்தது 12 மாதத் திட்டத்தில், வேறு மருத்துவக் காப்பீட்டோடு வெளிநாட்டில் தொண்டு செய்பவர்களுக்குத் திரும்பி வந்ததும் அபராதமின்றிச் சேரச் சிறப்புக் காலம் உண்டு. 6 மாத மிஷன் அதில் வராது. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

பேத்தி கல்யாணத்துக்கு வரலாமா? மிஷன் தலைவர் ஒப்புக்கொண்டால், சொந்தச் செலவில், சில நாள்களுக்கு வந்து போகலாம்.

உடம்போ பணமோ இடம் கொடுக்காதவர்களுக்கு வீட்டில் இருந்தபடியே செய்யும் சேவை மிஷன் உண்டு. வாரத்துக்குக் குறைந்தது 8 மணி நேரம், சொந்த ஊரிலேயே. மேலே சொன்ன விசா, வெளிநாட்டுக் காப்பீட்டுத் தலைவலி அதில் இல்லை. அதற்கும் முதலில் போக வேண்டியது அதே பிஷப்பிடம்தான்.