"வண்டியை நான் ஓட்டலை சார்": குடிபோதை வழக்கில் தவிர்க்க வேண்டிய பொய்கள்

"ஒரே ஒரு பீர்தான் சார்." ராத்திரி சோதனையில் நிற்கும் போலீஸ்காரருக்கு இது கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன பாட்டு. அவர் பார்ப்பது மெஷினில் வரும் எண்ணை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவு பாயும். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாயை விட்டு மாட்டிக்கொள்கிறவர்களுக்கு இதோடு முடியாது.

இருப்பதிலேயே மோசமான தவறு, ஆள் மாற்றுவது. வண்டி எங்கேயோ இடித்துவிட்டது. போலீஸ் வருவதற்குள் குடிக்காத தம்பியை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிடுகிறார்கள். உதவி செய்வதாகத்தான் தம்பியும் நினைக்கிறான். ஆனால் நம்மூர் வண்டியில் ஓட்டுபவரின் சீட் பெல்ட் வலது தோளிலிருந்து குறுக்கே இறங்கும், பக்கத்தில் இருப்பவருக்கு இடது தோளிலிருந்து. மோதலில் பெல்ட் இறுக்கிய தடம் தம்பிக்கு இடது தோளில் இருந்தால் என்ன பதில் சொல்வது? தெருமுனை சிசிடிவி வேறு இருக்கிறது.

போலீஸைத் தவறாக நடக்க வைக்கும் நோக்கத்தோடு பொய்த் தகவல் கொடுத்தால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 217ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குற்றவாளியைக் காப்பாற்றப் பொய் சொன்னால், சாட்சியத்தை அழித்தால் 238ஆவது பிரிவு. ஆக, குடிக்காத தம்பியும் குற்றவாளி. ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டிய கடமை வண்டியின் சொந்தக்காரருக்குத் தனியாக உண்டு.

2024 மே 19 அதிகாலை புனே கல்யாணி நகரில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி, பைக்கில் வந்த இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். பழியை ஏற்கச் சொல்லிக் குடும்ப டிரைவரை மிரட்டினார்கள், ஆஸ்பத்திரியில் ரத்த மாதிரியையே மாற்றினார்கள் என்பது போலீஸ் தரப்புக் குற்றச்சாட்டு. பையனின் பெற்றோர், தாத்தா, டாக்டர்கள் என்று கைது நீண்டது. ஓட்டியவன் ஒருவன், மாட்டியது எத்தனை பேர் பாருங்கள்.

ஊத மாட்டேன் என்று அடம் பிடிப்பதும் வீண். தக்க காரணம் இல்லாமல் மறுத்தால், அந்த மறுப்பையே அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலுவாக எடுத்துக்கொள்ள மோட்டார் வாகனச் சட்டம் 205ஆவது பிரிவு இடம் தருகிறது. யாருக்காவது அடிபட்டிருக்கும்போது ஓடிப்போனால் அது இன்னொரு வழக்கு: ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்ப்பதும், 24 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனில் சொல்வதும் ஓட்டியவர் கடமை.

அப்படியென்றால் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டுமா? வேண்டாம். பலருக்கும் புரியாத இடம் இதுதான். நமக்கு எதிராக நாமே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியல் சாசனத்தின் 20(3). பெயர், லைசென்ஸ், வண்டிப் பேப்பரைக் காட்டிவிட்டு, "மற்றதை வக்கீலிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் சார்" என்று நிறுத்திக்கொள்ளலாம். விசாரணையில் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை.

இன்சூரன்ஸ் க்ளெய்ம் படிவத்திலும் ஓட்டியவர் பெயரை மாற்றி எழுதாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்.ஐ.ஆர். நகலையும் வாங்கிப் பார்க்கலாம்.