குறைந்த அளவு கதிர்வீச்சு: பேசும்போது சறுக்கும் இடங்கள்

உடல் பெறும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறார்கள்; அதில் 100-க்குக் கீழே இருப்பதைத்தான் பொதுவாகக் குறைந்த அளவு என்கிறார்கள். மண், பாறை, விண்வெளி, மூச்சுக்காற்று என இயற்கையிலிருந்தே உலகச் சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்கு சுமார் 2.4 முதல் 3 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சிடி ஸ்கேனில் தோராயமாக 10. இந்த அளவுகள் உடலுக்கு என்ன செய்யும் என்பதில்தான் சர்ச்சை.

அதிகம் நடக்கும் தவறு, 'பாதிப்பு நிரூபிக்கப்படவில்லை' என்பதை 'பாதிப்பு இல்லை' என்று படிப்பது. புற்றுநோய் எப்படியும் நிறையப் பேருக்கு வரும் நோய். அதில் கதிர்வீச்சால் கூடுதலாகச் சேரும் சிலரைப் பிரித்துக் காண்பது கடினம். 1,000 மில்லிசீவர்ட்டின் விளைவைக் காண 500 பேர் போதும் என்று வைத்துக்கொண்டால், 100-க்கு 50,000 பேர் வேண்டும், 10-க்கு 50 லட்சம் பேர். அளவு பத்தில் ஒரு பங்கானால் ஆட்கள் நூறு மடங்கு தேவை. புகைப்பழக்கத்தில் இருக்கும் சின்ன வித்தியாசம்கூட முடிவைப் புரட்டிவிடும். அதாவது, நம் கருவி கண்டுபிடிக்கத் திணறுகிறது, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 'எவ்வளவு குறைந்தாலும் ஆபத்து' என்பதை அளந்து கண்ட உண்மைபோலச் சொல்கிறார்கள். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களை 1950 முதல் தொடர்ந்து கவனித்து வந்த தரவுகளை முக்கிய ஆதாரமாக வைத்து, அதிக அளவில் தெரியும் போக்கைப் பூஜ்யம் வரை நேர்கோடாக இழுத்த ஒரு கணிப்பு முறைதான் அது. பாதுகாப்பு விதிகளுக்கு அது நியாயமான எச்சரிக்கை. ஆனால் 2005-இல் பிரெஞ்சு அறிவியல், மருத்துவ அகாடமிகள் அதைச் சந்தேகித்தன; 2006-இல் அமெரிக்க தேசிய அகாடமிகளின் குழு ஆதரித்தது.

அந்தக் கோட்டை வைத்துச் சாவு எண்ணுவது இன்னும் மோசம். ஒரு கோடி பேருக்குத் தலா 0.01 மில்லிசீவர்ட் என்றால், பெருக்கிப் பார்த்தால் சுமார் ஐந்து மரணம் வரும். இப்படிக் கணக்கிடக் கூடாது என்று சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையமே 2007-இல் சொல்லிவிட்டது. தலைப்புச் செய்திகள்தான் கேட்பதில்லை.

அப்புறம், பிடித்த ஆய்வை மட்டும் நீட்டுவது. இயற்கையாகவே கதிர்வீச்சை வெளியிடும் தோரியம் மணல் நிறைந்த கேரளக் கடற்கரைப் பகுதியான கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைத் தொடர்ந்த ஆய்வு, புற்றுநோய் கூடியதாகக் காணவில்லை (2009). பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்காவில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான அணுசக்தித் தொழிலாளர்களைப் பார்த்த ஆய்வு, புற்றுநோய் மரணம் கூடியதாகக் கண்டது (2023). இரண்டும் நல்ல ஆய்வுகளே. ஒன்றை மட்டும் காட்டுபவரிடம் மற்றதைப் பற்றிக் கேளுங்கள்.

அந்த 2023 ஆய்வில் புற்றுநோய் மரணத்துக்குச் சொன்ன '52 சதவீத உயர்வு' ஒரு கிரே (உடல் உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு; இங்கே சுமார் 1,000 மில்லிசீவர்ட்) அளவுக்கு. அதே வீதம் கீழேயும் பொருந்துமானால், 10 மில்லிகிரேக்கு அரை சதவீதம்தான், அதுவும் ஏற்கெனவே உள்ள வாய்ப்பின்மேல். எதன்மேல் எத்தனை சதவீதம் என்று கேட்காமல் எந்த எண்ணையும் பகிராதீர்கள்.

பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பான 1 மில்லிசீவர்ட்டையும் விஷ எல்லையாக நினைக்க வேண்டாம். அது இயற்கையும் மருத்துவமும் தருவது போக, மற்ற மூலங்களுக்கு வைத்த நிர்வாக வரம்பு. மருத்துவ ஸ்கேனுக்குப் பொருந்தாது. ஸ்கேன் என்றால் மருத்துவரிடம் கேட்க வேண்டியது வேறு: இந்த முடிவு சிகிச்சையை மாற்றுமா? அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ போதுமா? மாற்றும், வேறு வழியும் இல்லை என்றால், பயந்து தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து அதிகம்.