விவாகரத்து, குழந்தை, ஜீவனாம்சம்: முதல்முறை கோர்ட்டுக்குப் போகிறவர்களுக்கு

விவாகரத்து கிடைத்த பிறகுதான் ஜீவனாம்சம் கேட்க முடியும் என்று நினைத்து, பிறந்த வீட்டில் வருஷக்கணக்கில் கையில் காசில்லாமல் காத்திருக்கும் பெண்கள் நம் ஊரில் நிறைய. அப்படிக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கல்யாண உறவை முறித்துக்கொள்வது, குழந்தை யாரிடம் வளர்வது, மாதச் செலவுக்குப் பணம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக மனுப் போடலாம். எதை முதலில் போடுவது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். தமிழ்நாட்டில் இந்து முறைப்படி கல்யாணம் செய்தவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் விவாகரத்துச் சட்டம் வேறு. ஜீவனாம்சம் பற்றிச் சொல்வது மட்டும் எல்லா மதத்தவருக்கும் பொருந்தும்.

படி 1: காகிதங்களைத் திரட்டுங்கள்

திருமணப் பதிவுச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, இருவரின் ஆதார் நகல், பள்ளிக் கட்டண ரசீது, மருத்துவச் செலவு பில், நகை பில். பதிவுச் சான்று இல்லையென்றால் கல்யாணப் பத்திரிகையும் ஃபோட்டோவும் உதவும். கணவர் எங்கே வேலை செய்கிறார், என்ன சொத்து இருக்கிறது என்று தெரிந்ததை எல்லாம் எழுதி வையுங்கள்.

படி 2: வக்கீல்

பணம் இல்லை என்று இந்தப் படியிலேயே நின்றுவிடாதீர்கள். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தர வேண்டும். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்கே என்று கேளுங்கள். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம்.

படி 3: முதலில் ஜீவனாம்ச மனு

என்னைக் கேட்டால், வேறு எதற்கும் முன்னால் இதைத்தான் போடச் சொல்வேன். சாப்பாட்டுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் வழியில்லாதவர், எதிர்த்தரப்பு நீட்டும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125 என்று எல்லோருக்கும் தெரிந்த பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144-வது பிரிவு. மனைவி, குழந்தைகள், வயதான பெற்றோர் எல்லோரும் இதில் கேட்கலாம். விவாகரத்தாகி மறுமணம் செய்யாத பெண்ணும் கேட்கலாம். நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம், கணவரின் ஊருக்கு அலைய வேண்டாம். குடும்ப நல நீதிமன்றம் இல்லாத ஊரில் குற்றவியல் நடுவர் நீதிமன்றம்.

கூடவே, வழக்கு முடியும்வரைக்கான இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள் அதை முடிந்தவரை பைசல் செய்ய வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போவதும் உண்டு. ஆனால் 2020 நவம்பரில் ரஜ்னேஷ், நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு கை கொடுக்கும். அதன்படி, உங்கள் வழக்கில் உத்தரவு எப்போது வந்தாலும், மனுப் போட்ட தேதியிலிருந்தே பணம் கணக்கிடப்படும். இரண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். உங்கள் பக்கத்துக் கணக்கையும் மறைக்காமல் எழுதுங்கள். பொய் என்று தெரிந்தால் மொத்த வழக்கும் பலவீனமாகிவிடும்.

வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஜீவனாம்சமே கிடையாது என்பார்கள். அப்படி ஒரு விதி இல்லை. அந்தச் சம்பளம் போதுமா என்றுதான் கோர்ட் பார்க்கும். தாய் சம்பாதிப்பதாலேயே குழந்தைக்கான தந்தையின் பொறுப்பும் போய்விடாது. விவாகரத்து வழக்கு நடக்கும்போது, வருமானம் இல்லாத கணவரும் இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவில் மனைவியிடம் கேட்கலாம்.

படி 4: விவாகரத்து மனு

பஞ்சாயத்தில் முத்திரைத்தாளில் எழுதி 'தீர்த்து விடுவது' விவாகரத்து ஆகாது. அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டென்று நிரூபித்தால்தான் அது நிற்கும். அதை நம்பி மறுமணம் செய்து சிக்கிக்கொள்ள வேண்டாம்.

இருவரும் ஒத்துக்கொண்டால் இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு. குறைந்தது ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் கழித்து மறுபடி கோர்ட்டில் சம்மதம் சொல்ல வேண்டும். பேச்சு எல்லாம் முடிந்து இனி சேர வழியே இல்லை என்ற நிலை இருந்தால், இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பு வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

ஒருவர் மறுத்தால் கொடுமை, கைவிடுதல் போன்ற காரணங்களைக் காட்டி வழக்கை நடத்த வேண்டும். நாள் ஆகும். இடையில் கவுன்சிலிங்குக்கு அனுப்புவார்கள், அதற்குப் போகாமல் இருக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் 'இனி எனக்கும் குழந்தைக்கும் எதுவும் வேண்டாம்' என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு அதிகாரமில்லை. பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, எந்தத் தேதியில் என்பது வரை எழுதி வாங்குங்கள்.

படி 5: குழந்தை

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று 1956-ம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் அம்மாவா அப்பாவா என்று விதி ஏதும் இல்லை, குழந்தையின் நலன்தான் முக்கியம். யார் பள்ளிக்கு அனுப்புகிறார், வீட்டில் கவனிக்க யார் இருக்கிறார் என்றெல்லாம் பார்ப்பார்கள். விவரம் தெரிந்த வயதென்றால் நீதிபதி குழந்தையைத் தனியாக அழைத்துப் பேசுவதும் உண்டு. தயவுசெய்து சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள்.

குழந்தை ஒருவரிடம் இருந்தால், மற்றவருக்குப் பார்க்கும் உரிமை உண்டு. பணம் வரவில்லை என்பதற்காகக் குழந்தையைக் காட்டாமல் இருக்கக்கூடாது. காட்டவில்லை என்று பணத்தை நிறுத்தவும் கூடாது. இரண்டுக்கும் தனித்தனியாகக் கோர்ட்டை நாடலாம். நிலைமை மாறினால் உத்தரவையும் மாற்றக் கேட்கலாம்.

படி 6: உத்தரவு வந்தும் பணம் வரவில்லை என்றால்

நிறைவேற்றக் கோரி மனுப் போடுங்கள். வாரண்ட் பிறப்பித்து வசூலிப்பார்கள். அதற்குப் பிறகும் கட்டாவிட்டால், ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை வைக்கலாம். ஆனால் இந்த வாரண்ட் வழியில், பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கேட்டாக வேண்டும். 'அடுத்த மாசம் மொத்தமாத் தர்றேன்' என்ற பேச்சை நம்பி அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் பலர். அதனால் பணம் வரும் தேதியையும் வராத மாதத்தையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டால் உடனே வக்கீலைப் பாருங்கள்.